ஹந்தானை மகளின் வீடு

"உம்மாட பேர் எங்க?" என்று றம்ஸியா கேட்டபோது, நளீர் அந்தக் கடுதாசியை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டிருந்தான். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வாசிப்பதற்கான அறிவித்தல். மஹய்யாவ புடவைக்கடை மஹ்மூத் அவர்களின் மனைவியும், நளீர், றம்ஸியா ஆகியோரின் தாயாரும் வபாத்தானார். அஸர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம். அவ்வளவுதான்.

"பொம்புளைகட பேர் சொல்ற வழக்கமில்லத் தானே," என்றான் நளீர். அழுதழுது அவனுடைய குரல் தடித்திருந்தது. "வாப்பாட பேரச் சொன்னா முழு ஊருக்கும் விளங்கும்."

ஊருக்கு விளங்கும். தெல்தோட்டையில் இருக்கிற ஒருத்தருக்கு விளங்காது. அதை மூத்தவனான நானாவிடம் எப்படிச் சொல்வது என்று அவள் யோசிப்பதற்குள் அவன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டான்.

"றம்ஸி, தண்ணி கொதிச்சிட்டு."

சமையலறையிலிருந்து உம்மா கூப்பிட்டாள். றம்ஸியா "வாறேன் உம்மா" என்று இரண்டு அடி எடுத்து வைத்த பிறகுதான் நின்றாள். கூப்பிட்டது சாச்சி. விடியும்போது பிலிமத்தலாவையிலிருந்து வந்து சேர்ந்த, உம்மாவின் தங்கை. முகத்தில் துளியும் ஒற்றுமை கிடையாது. குரல் மட்டும் அச்சு அசல் அதே குரல். அறைக்குள் வெள்ளைச் சீலையால் மூடிக் கிடத்தியிருந்த உம்மாவைப் பார்த்துவிட்டு, றம்ஸியா பின்கதவால் வெளியே போனாள்.

பின்வளவு மதிலில் ஒரு கல் பெயர்ந்த இடம் உண்டு. இருபது வருஷமாக உம்மாவின் கடிதங்கள் வந்து போனது அதன் வழியாகத்தான். அந்தப் பக்கம் பரிமளம் அக்காவின் வீடு. அவருடைய புருஷன் மாநகர சபையில் கிளாக்கர்.

ஐம்பத்தெட்டில் உம்மாவின் முதல் கதை சித்தி றலியா என்ற சொந்தப் பெயரோடு பத்திரிகையில் வந்தது. அந்தத் தாளில் யாரோ சீனி சுற்றிக் கொடுக்க, அது அப்பாவின் கைக்குப் போனது. வாப்பாவின் வாப்பா. "ஊட்டுப் பேச்ச ரோட்டில வெக்கிறதா?" என்று மட்டும் கேட்டாராம். அதன் பிறகு சித்தி றலியா எழுதவில்லை. மூன்று மாதம் கழித்து, பெண்கள் பக்கத்தில், ஊருக்கு மேலே நிற்கும் மலையின் பெயரில், ஹந்தானை மகள் என்று ஒருத்தி எழுதத் தொடங்கினாள். விலாசம் பரிமளம் அக்காவுடையது. எழுதும் தாள், கடையில் சட்டைத் துணிக்குள் வைத்து வரும் மட்டைகளின் பின்பக்கம். கடிதங்களை உம்மாவே எழுதினாள்; பத்திரிகைக்குக் கதைகளைப் பிரதி எடுக்க றம்ஸியா. எட்டு வயதிலிருந்து அவள்தான் பிரதி எடுத்தாள்.

ஒரு தடவை ரேடியோவில் அந்தக் கதைகளில் ஒன்று போனது. நளீர் ரொட்டியைப் பிய்த்தபடி, "இது நம்மட ஊட்டுக் கதை போலயே ஈக்கிது" என்று சிரித்தான். உம்மா கல்லில் கிடந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"அக்கா, தெல்தோட்டைக்குச் சொல்லோணும்," என்றாள் றம்ஸியா மதிலோரம் நின்று.

பரிமளம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ராஜகுமாரி டீச்சருக்கா? பள்ளிக்கூடத்துக்குத் தந்தி அடிச்சிடலாம்மா. என்ன பேரு போடுறது?"

"ஹந்தானை மகள்னே போடுங்க. அவங்களுக்கு அந்தப் பேர் மட்டும்தான் தெரியும்."

பத்திரிகையின் அதே பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த தோட்டப் பள்ளிக்கூட டீச்சர். பதினேழு வருஷமாகக் கடிதம். நேரில் பார்த்ததில்லை. பெயர் கேட்க வேண்டாம், படம் அனுப்ப வேண்டாம் என்று உம்மா முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டாள். அந்த டீச்சரும் கேட்கவில்லை. கண்டிக்கும் தெல்தோட்டைக்கும் இடையில் ஒரு பஸ்தான் என்று மட்டும் வருஷத்துக்கு ஒரு முறை எழுதுவார். இன்ஷா அல்லாஹ் என்று உம்மா பதில் போடுவாள்.

பரிமளம் குடையை எடுத்துக்கொண்டு தபால் கந்தோருக்குப் போனார். மூன்று மணிக்குள் வந்தால் முகம் பார்க்கலாம். அதற்குப் பிறகு ஆண்கள் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிவிடுவார்கள்.

மையித்துக் குளிப்பாட்ட உம்மு குல்சும் மாமி வந்தார். றம்ஸியா தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். வலது கையைக் கழுவும்போது, நடுவிரலின் ஓரத்தில் இருந்த காய்ப்பை மாமி பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

"தையல் மெசின்ல வந்ததா மகள்?"

"ஓ, மாமி."

அது பேனா பிடித்த காய்ப்பு. பொய் சொன்ன முகத்தைத் திருப்பிக்கொண்டு றம்ஸியா அடுத்த கோப்பைத் தண்ணீரை மொண்டாள். மாமி அதை அழுகை என்று எடுத்துக்கொண்டார்.

மத்தியானத்தில் மழை பிடித்தது. வாசலில் தகரக் கூரைக்குக் கீழே ஆண்கள் கதிரை போட்டு நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பெண்கள். யாசீன் ஓதும் சத்தத்துக்கு நடுவே யாரோ, "பாவம், வாய் தொறக்காத மனிசி" என்றார். இன்னொருவர், "ஓ, அவ இருந்தாலும் இல்லாத மாதிரித்தான்" என்றார். நல்லதாக நினைத்துத்தான் சொன்னார்கள். பரிமளம் அக்காவும் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தார். றம்ஸியா யன்னல் திரையை விரலளவு நீக்கி, வாசலுக்கு முன்னால் போகும் ஒழுங்கையைப் பார்த்தபடி இருந்தாள்.

மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் ஒரு பெண் வந்தார். சாம்பல் நிறப் பருத்திச் சேலை, கறுப்புக் குடை, ஓரங்களில் சேறு. பரிமளம் அக்காவின் கதவைத் தட்டினார். பூட்டைப் பார்த்தார். பிறகு இந்த வாசலுக்கு வந்து எதையோ கேட்டார். ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நளீர் எழுந்து போய்ப் பேசினான், இல்லையென்று தலையாட்டினான், ஒழுங்கையின் மேல்பக்கத்தைக் கைகாட்டினான். அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு மேலே நடந்தார்.

றம்ஸியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தெல்தோட்டைக்குத் தெரிந்த பெயரை அவள் அனுப்பியிருந்தாள். இந்த ஒழுங்கைக்கு அந்தப் பெயர் தெரியாது.

தலைச்சீலையை இழுத்துக்கொண்டு நடைக்கதவு வரை போனாள். அதற்கு அப்பால் ஆண்கள். "நானா," என்றாள்.

நளீர் கிட்ட வந்தான். "என்ன? சந்தூக் வரப் போகுது."

"அந்த டீச்சர் என்ன கேட்டது?"

"யாரோ விலாசம் தப்பி வந்தீக்கி. ஹந்தானை மகள் ஊடாம். மேல் வளவில விசாரிக்கச் சொன்னேன்."

சொல்லிவிட்டால் இருபது வருஷம் உம்மா மூடி வைத்தது திறந்துவிடும். சொல்லாவிட்டால் மண் மூடிவிடும். ஒழுங்கையின் வளைவில் குடை மறைந்துகொண்டிருந்தது.

"நானா, அது உம்மா."

"எந்த உம்மா?"

"எங்கட உம்மா."

நளீர் அவளையே பார்த்தான். பிறகு மழையில் இறங்கி ஓடினான். செருப்புகூடப் போடவில்லை.

அவன் அந்தப் பெண்ணை அழைத்து வந்தபோது ஆண்கள் விலகி வழிவிட்டார்கள். கதிரையிலிருந்த வாப்பா நிமிர்ந்து, "யாரு?" என்றார்.

"உம்மாட கூட்டாளி."

"அவளுக்குக் கூட்டாளி ஈந்ததா?" என்றார் வாப்பா. நளீர் அந்தப் பெண்ணை நடைக்கதவு வரை கூட்டிப்போனான்.

உம்மு குல்சும் மாமி முகத்துச் சீலையை விலக்கினார். ராஜகுமாரி டீச்சர் முழங்காலில் உட்கார்ந்து பார்த்தார். நெற்றி, மூடிய கண்கள், உதட்டுக்கு மேல் சின்ன மறு. ஒரு பக்கத்தை முழுதாக வாசிக்கிற மாதிரி மெதுவாகப் பார்த்தார்.

"இவங்கதானா," என்றார்.

அதற்குள் வாசலில் கலிமாச் சத்தம் உயர்ந்தது. ஆண்கள் வந்தார்கள், தூக்கினார்கள், போனார்கள். மழைக்குள் அந்தச் சத்தம் தேய்ந்துபோனது. பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து பின்பக்கம் போனார்கள்.

அறையில் றம்ஸியாவும் டீச்சரும் மிஞ்சினார்கள். உம்மாவின் பாய் கிடந்த இடம் மட்டும் ஈரக் காலடிகள் படாமல் காய்ந்திருந்தது.

"நாலரைக்கு பஸ் இருக்குங்க," என்றார் டீச்சர். ஆனால் எழும்பவில்லை. கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தார். "அவங்க கையெழுத்த இருட்டுலயும் கண்டுபிடிச்சிடுவேன். ஆனா ஒண்ணு தெரியாது. அவங்க பேசினா எப்படி இருக்கும்மா?"

றம்ஸியா வாயைத் திறந்தாள். உம்மா சொல்கிற எதையாவது சொல்லிக் காட்ட நினைத்தாள். வரவில்லை.

சமையலறையில் சாச்சி கோப்பைகளை எடுக்கும் சத்தம் கேட்டது.

"றம்ஸி, அந்த டீச்சரையும் கூட்டிட்டு வா. தேத்தண்ணி ஆறுது."

டீச்சரின் கை சேலைத் தலைப்பில் அப்படியே நின்றது.

"இப்படித்தான்," என்றாள் றம்ஸியா.

இரண்டு பேரும் எழும்பவில்லை. அந்தக் குரல் இன்னொரு முறை கூப்பிடட்டும் என்று கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.