பதினேழாம் எண்ணுக்கு எதிரே ஒரு காலிக் கட்டம்

1

ஒளிப்பானேன், இந்தக் கதை நான் வாங்கிய திட்டிலிருந்து பிறந்தது. முதலில் நான் எழுதிய தொடக்கம் இது:

மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் பதித்திருந்த அவர், வைரஸ் தன்னைப் பார்த்துச் சிரிப்பதை—

"மைக்ரோஸ்கோப் எங்க தம்பி வந்துச்சு?" என்றார் அண்ணி. "நான் பாக்குறது ஒரு பிளாஸ்டிக் தட்டு. வெறுங்கண்ணே போதும்."

ஃபுளூ வைரஸ் எப்படியெல்லாம் மாறுகிறது என்று கவனிக்கும் லேப்பில் அண்ணிக்கு வேலை. அடுத்த தடுப்பூசியில் எந்த வைரஸைச் சேர்ப்பது என்பதற்கு, அவருடைய தட்டும் ஒரு சாட்சி.

2

(இந்தப் பகுதியை, படித்துப் பார்த்த நண்பர்கள் வெட்டச் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவு அழகான வேலை இது.)

தட்டில் வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள். பழைய வைரஸைப் பிடிக்கத் தெரிந்த எதிர்ப்பொருள் உள்ள சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிநீரை, முதல் குழியில் விடுவார்கள். அடுத்த குழியில் அதில் பாதி வீரியம், அதற்கடுத்ததில் அதிலும் பாதி. பிறகு எல்லாக் குழியிலும் புது வைரஸ். கடைசியாகக் கோழி ரத்தத்தின் சிவப்பணுக்கள்.

வைரஸ் சும்மா இருக்காது. சிவப்பணுக்களை ஒன்றோடொன்று கோத்து வலையாக்கிவிடும். குழி முழுக்க இளஞ்சிவப்பாகப் படரும். சீரம் வைரஸைப் பிடித்துவிட்டாலோ, அணுக்கள் அடியில் சிவப்புப் பொட்டாக இறங்கும். தட்டைச் சாய்த்தால் பொட்டு கண்ணீர்போல் வழியும். எத்தனையாவது குழி வரை வழிகிறதோ, அதுவரை சீரத்தின் பிடி இருக்கிறது.

ஒப்பிடுவதற்காகப் பழைய வைரஸை விட்ட வரிசையில் எட்டாம் குழி வரை வழிந்தது. ஒரு பேருந்து ஓட்டுநரின் மூக்கிலிருந்து வந்த பதினேழாம் எண் மாதிரிக்கு நான்கோடு நின்றுவிட்டது. குழிக்குக் குழி பாதி என்பதால், நான்கு குழி வித்தியாசம் என்றால் பதினாறு மடங்கு. வைரஸ் ஆளே மாறிவிட்டது என்றுதான் அர்த்தம்.

3

அண்ணி துள்ளிக் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. காரணம், போன வருடம்.

சோதனைக்கு வைரஸ் நிறைய வேண்டும் என்பதால் கரு உள்ள கோழி முட்டைக்குள் வளர்ப்பார்கள். முட்டை மனித மூக்கு அல்லவே! அங்கே ஒட்டத் தோதாக மாறிய நகல்கள்தான் அதிகம் பெருகும். போன வருடம் அண்ணி "மாறிடுச்சு!" என்று கூட்டத்தைக் கூட்டினார். மாறியது ஊரில் அல்ல, முட்டைக்குள். அன்றிலிருந்து லேப்பில் அவர் பெயர் முட்டையக்கா.

இந்த வருடம் இந்தப் பதினேழாம் எண்ணும் முட்டையில் வளர்ந்ததுதான். தடுப்பூசிக் கூட்டம் மாலை நான்கு மணிக்கு.

"என்ன முட்டையக்கா, மறுபடியும் பொரிச்சாச்சா?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"நீங்க கொஞ்சம் வாயை மூடி அடைகாங்க சார்," என்றார் அண்ணி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார், சொல்லிவிட்டுத் தட்டை இன்னொரு முறை சாய்த்துப் பார்த்தார். மாறிவிட்டது என்று சொல்லி, அது பொய்யானால் இனி இவர் தட்டை யாரும் நம்பமாட்டார்கள். வாயை மூடிக்கொண்டு, அது நிஜமானால் தடுப்பூசியே தப்பாகிவிடும்.

4

நான் இரண்டு முடிவுகள் எழுதினேன்.

அ) வைரஸ் நிஜமாகவே மாறியிருந்தது. எல்லோரும் எழுந்து நின்று—
ஆ) மறுபடியும் முட்டை. அண்ணி தலைகுனிந்து—

அண்ணி இரண்டையும் படித்தார். "நான் ஜெயிச்சேனா தோத்தேனான்னே பாக்குறியே தம்பி. நாலு மணிக்கு எனக்கு என்ன தெரியும்னு யோசிச்சியா?"

யோசிக்கவில்லை.

5

ஆகவே, நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

கூட்ட அறையில் மாதிரிகளின் பட்டியல் சுவரில் ஒளிர்ந்தது. எல்லாக் கட்டங்களிலும் எண்கள். பதினேழுக்கு எதிரே மட்டும் காலி.

"என்னம்மா இது?" என்றார் இயக்குநர்.

"முட்டைல வளத்ததுல பதினாறு மடங்கு வித்தியாசம் சார். அது ஊர்ல மாறுச்சா முட்டைல மாறுச்சான்னு எனக்குத் தெரியல. அதே சளிய முட்டைப் பக்கமே காட்டாம, குடுவையில வெச்ச உயிர்ச்செல்லுல வளக்கப் போட்டிருக்கேன். நாலு நாள் வேணும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணி உட்காரவில்லை.

"தெரியலன்னு சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார் இயக்குநர்.

"ஆமா சார். தெரியாம ஒரு நம்பர் போட்டா, அதை நீங்க ஊசியில ஏத்திடுவீங்களே."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். "பதினேழு வர்ற வரைக்கும் பட்டியல மூடாதீங்க," என்றார் குறிப்பெடுப்பவரிடம்.

அன்று அண்ணி வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். (அண்ணன் சாட்சி.)

நான்கு நாள் கழித்து என்ன வந்தது என்று எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. கட்டம் காலியாகவே இருக்கிறது. உங்களுக்குத் தோன்றியதை நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் எதை வைத்து நிரப்பினீர்கள் என்று அண்ணி கேட்பார். பதிலோடு வாருங்கள்.