சரக்கு ரயில் வந்தபோது

கிட்டார் வாசித்த தீனா காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை கிடைத்துப் போனதும், எங்கள் போஸ்ட்-பங்க் ராக் இசைக்குழு முடிந்தது என்றே நினைத்தேன். பாடகன் அசோகனும் பேஸ் கிட்டாருடன் நானும்தான் மிச்சம். டிரம்ஸுக்குப் புதிதாக உமைமா வந்தாள். இன்றைய ஒத்திகை சரிவராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியைக் கைவிடுவதாக முடிவு. மாலைக் கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு வந்திருந்தேன்.

எங்கள் அறை ராயபுரத்தில் தண்டவாளத்தை ஒட்டி இருக்கிறது. சரக்கு ரயில் வந்தால் வாசிப்பதை நிறுத்திவிடுவோம். இந்த வழக்கத்தை உமைமாவுக்கு யாரும் சொல்லவில்லை.

பாட்டின் நடுவே ரயில் வந்தது. நாங்கள் இருவரும் நிறுத்தினோம். அவளோ சக்கரங்களின் தாளத்தைப் பிடித்து அடித்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னா மகி, தூங்கிகினு கீறியா? வாசி!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"தீனாவோட கிட்டார் இல்லியே..." என்றேன்.

"உன் கைல கீறது இன்னா, தொடப்பமா?"

எப்போதும் தீனாவுக்குப் பின்னால் நின்றே வாசித்தவள் நான். அவனுடைய மெட்டை என் தடித்த கம்பிகளில் தயங்கித் தயங்கி எடுத்தேன். தப்பாகத்தான் வரும் என்று நினைத்தேன். அது இருட்டாக, கனமாக, ரயிலோடு சேர்ந்து ஓடியது. அசோகன் ரயிலை மிஞ்சிக் கத்திப் பாடினான். ரயில் போன பிறகும் நாங்கள் நிறுத்தவில்லை.

பாட்டு முடிந்ததும் அசோகன் மூச்சு வாங்கக் கேட்டான்: "ஞாயித்துக்கெழம ரயில எப்டிம்மா மேடைக்கு இட்டுகினு போறது?"

"அத்த நான் பாத்துக்கறேன்," என்றாள் உமைமா. "நீ மகிய முன்னாடி நிக்க வை, நைனா."