ஒரு கண் பொத்தினால் போதும்

மகளின் கல்யாண வரவேற்பு நடக்கும் தொம்மலூர் மண்டபத்தில் டிஜே பையனிடம் பியாட்ரிஸ் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: மின்னி மின்னி அணையும் விளக்கு கூடவே கூடாது, தனக்கு ஒற்றைத் தலைவலி வரும். காலையில் மாதா கோயில் பூசையில் நன்மை அப்பம் வாங்கிய வாயால் சாயங்காலமே கூசாமல் பொய். பெண்ணைப் பெற்றவள், வேறென்ன செய்வாள்.

தலைவலி அவளுக்கு வந்ததே இல்லை. வெளிச்சம் வெட்டி வெட்டி அடித்தால் வலிப்பு வருவது மகள் லீனாவுக்கு. மாத்திரையில் அடங்கிக் கிடந்தது. ஆனாலும் சம்பந்தி வீட்டில் மூச்சுவிடக் கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். வாங்கிய நாளிலிருந்து இவளுக்குத்தான் தூக்கம் போயிற்று.

கேக் வெட்டியானதும் மணமக்கள் ஆட இறங்கினார்கள். மாப்பிள்ளை டேரிலின் ஆபீஸ் நண்பர்கள் டிஜேயின் காதில் ஏதோ ஓதினார்கள். மண்டப விளக்குகள் அணைந்தன. மேலேயிருந்து வெள்ளை வெளிச்சம் படபடவென்று வெட்ட ஆரம்பித்தது.

பியாட்ரிஸுக்குப் பாதி உயிர் போய்விட்டது. எழுந்து ஓடப் பார்த்தாள். புடவை நாற்காலியில் மாட்டிக்கொண்டது. கண்ணை மூடினால் போதாது, இமை வழியாகவும் வெளிச்சம் இறங்கும், ஆனால் ஒரே ஒரு கண்ணை உள்ளங்கையால் இறுகப் பொத்தினாலே வலிப்பைத் தடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பாட்டுச் சத்தத்தில் அவள் கத்தினாலும் யாருக்குக் கேட்கும்.

கத்தத் தேவைப்படவில்லை. டேரிலின் உள்ளங்கை அதற்குள் லீனாவின் வலது கண்மேல் இருந்தது. அவள் முகத்தைத் தன் கோட்டோடு திருப்பிச் சேர்த்துக்கொண்டு, ஆட்டத்தையும் விடாமல், சுவரோரமாக நகர்த்திப் போனான். புது மாப்பிள்ளையின் கொஞ்சல் என்று நினைத்து நண்பர்கள் விசிலடித்தார்கள். சட்டென்று விளக்கு நின்றது. டேரிலின் அம்மா சிந்தியா, பட்டுப்புடவையோடு குனிந்து பிளக்கைப் பிடுங்கியிருந்தாள்.

நேராக வந்து பியாட்ரிஸின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நிச்சயத்துக்கு முன்னாடியே லீனா எங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டா சம்பந்தி. நீங்க சத்தியம் வாங்கினதையும் சேர்த்துத்தான். உங்க மனசு கஷ்டப்படக்கூடாதுன்னு நாங்க காட்டிக்கல."

பியாட்ரிஸுக்கு வெட்கமாகவும் நன்றியாகவும் இருந்தது. மாப்பிள்ளை எப்படி அவ்வளவு சரியாகப் பொத்தினார் என்று மட்டும் கேட்டாள்.

"என் கண்ணுமேலதான் பழகினான். நான் பாத்திரம் கழுவிட்டிருப்பேன், பின்னால வந்து டக்குனு பொத்துவான். என் மூக்குக்கண்ணாடியே வளைஞ்சு போச்சு. வெளிச்சம் தெரியுதாம்மான்னு கேப்பான். தெரியலடான்னு சொல்ற வரைக்கும் விடமாட்டான்."