ஜோடியில் இரண்டாவது

லிஃப்ட் மெக்கானிக் அந்தத் துப்பாக்கியைக் குளியல் துண்டில் சுற்றி, ஸ்பேனர்களுக்கும் கிரீஸ் டப்பாவுக்கும் நடுவில் செருகி, நெரிசலான பஸ்ஸில் கொண்டுவந்திருந்தான். ஏலக்கூடத்தின் பின்னறையில், பழம்பொருட்களுக்கு விலை மதிப்பிடும் அம்மாள் துண்டைப் பிரித்தார்.

"தேய்ச்சீங்களா?"

"இல்ல மேடம். தூசிதான் தட்டினேன்."

"புண்ணியமாப் போச்சு. பாதிப் பேர் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பளபளன்னு ஆக்கிட்டு வந்து நிப்பாங்க. இருநூறு வருஷத்து நிறத்தை ஒரே மத்தியானத்துல உரிச்சுடுவாங்க."

அவனுக்கு உட்காரப் பிடிக்கவில்லை. ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நின்றுபோய், மேலாளர் ஏற்கெனவே மூன்று முறை போன் செய்துவிட்டார். வீடு மாறப்போகும் நேரம். "இந்த இரும்பையும் தூக்கிட்டு அலையணுமா? ஒன்னு விலையைக் கேட்டுட்டு வாங்க, இல்லன்னா குப்பையில போடுங்க" என்று மனைவி நாலு நாளாக நச்சரித்ததால்தான் வந்தான். அது அவனுடைய அப்பா எந்தக் காலத்திலோ பழைய சாமான் கடையில் வாங்கியது. அப்பா அதன் குழலால் முதுகு சொறிந்துகொள்வார்.

அம்மாள் மேசை டிராயரிலிருந்து ஒரு மெல்லிய மரக்குச்சியை எடுத்துக் குழலின் வாய்க்குள் விட்டார். அது முட்டி நின்ற இடத்தில், வாயோரமாகக் குச்சியில் பென்சிலால் கோடு போட்டார். பிறகு வெளியே எடுத்து, கோடு வாயோடு பொருந்தும்படி குழலின் மேலேயே வைத்துப் பார்த்தார். குழலின் பின்பக்கத்தில் ஒரு சின்னத் துளை இருந்தது. குச்சி அதுவரை எட்டியிருக்க வேண்டும். இரண்டு விரற்கடைக்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

அவர் மறுபடி அளந்தார். பிறகு துப்பாக்கியை மெதுவாகச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

"சார், கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து நில்லுங்க."

"என்ன மேடம்?"

"உள்ள அடைச்சிருக்கு. மருந்து, அதுக்கு மேல குண்டு. யாரோ சுடறதுக்குத் தயார் பண்ணிட்டு, சுடாமலே விட்டிருக்காங்க."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவனுக்கே பிடிக்கவில்லை. "அவ்வளவு பழசு, இன்னுமா உயிரோட இருக்கும்?"

"துருப் பிடிக்கிறது இரும்புதான் சார். ஈரம் படலன்னா வெடிமருந்துக்கு வயசே ஆகாது." அவர் துளைக்கு அருகே இருந்த கவ்வியைக் காட்டினார். "இதுல ஒரு சிக்கிமுக்கிக் கல் இருக்கணும். விசையை இழுத்தா கல் இரும்புல உரசும், பொறி பறக்கும், பொறி அந்தத் துளை வழியா உள்ள போகும். உங்க நல்ல நேரம், இதுல கல் எப்பவோ விழுந்துடுச்சு."

ஆறு வருஷமாக அது செருப்பு அலமாரியின் மேல் கிடந்தது. மேலாளர் மேல் கோபம் வரும்போதெல்லாம் அவனே அதைச் சுவர்க் காலண்டரை நோக்கி நீட்டி 'டப்பு டப்பு' என்றிருக்கிறான். ஒருமுறை தூங்கிக்கொண்டிருந்த மனைவியை நோக்கியும்.

அம்மாள் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு தன் வேலையைத் தொடர்ந்தார். "பெரிய பட்டறை பேரு போட்டிருக்கு. ஆனா ஒரு எழுத்து தப்பு. அந்தக் காலத்துலயும் டூப்ளிகேட் ஓடியிருக்கு பாருங்க! ஆள் கள்ளன்தான், ஆனா கை சுத்தமான கை. மரத்துல இரும்பு உட்கார்ந்திருக்கிற இடத்துல நகம்கூட நுழையல." விசையைச் சுற்றியிருந்த பித்தளை வளையத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்தவர் சற்று நிதானித்தார். "அட, இதுல ரெண்டுன்னு நம்பர் வெட்டியிருக்கு. அப்ப இது ஜோடியில ஒன்னு. ஒன்னாம் நம்பர் எங்க? ஒத்தையா வித்தா ஒரு நல்ல ஃப்ரிட்ஜ் விலை வரும். ஜோடியாக் கிடைச்சா ரெண்டு மடங்கு இல்ல சார், நாலு மடங்கு."

அவன் விலையைக் கேட்கவில்லை. "அதுல கல் இருக்கு" என்றான்.

"எதுல?"

"ஒன்னாம் நம்பர்ல. என் தங்கச்சிகிட்ட இருக்கு."

தங்கை ஒரு பியூட்டி பார்லர் நடத்துகிறாள். அண்ணனும் தங்கையும் பேசி ஆறு வருஷம் ஆகிவிட்டது. அப்பா போன பிறகு அவர் சாமான்களைப் பிரித்துக்கொண்ட அன்று, "மூணு வருஷம் அவருக்கு நான் பீ மூத்திரம் அள்ளினேன். நீ ஞாயித்துக்கிழமை விருந்தாளி" என்று அவள் சொன்னாள். "அவரோட வீட்டுக்காகத்தானே அள்ளின" என்று அவன் சொல்லிவிட்டான். பெட்டியில் இருந்த இரண்டு துப்பாக்கிகளில் பொறி பறக்கிறதை எடுத்துக்கொண்டு போனாள். அவ்வளவுதான்.

பார்லர் படங்களை மனைவி எப்போதாவது போனில் காட்டுவாள். முடி வெட்டி முடித்த பெண்கள் கண்ணாடி முன் நின்று, அந்தத் துப்பாக்கியை நெற்றிப்பொட்டில் வைத்துக்கொண்டு பல்லைக் காட்டுவார்கள். சிலர் விசையைச் சொடுக்குவார்கள். பொறி பறக்கிற படத்துக்குத்தான் நிறைய லைக்.

அவன் நம்பரைத் தங்கை எப்போதோ தடுத்து வைத்துவிட்டாள். அம்மாள் தன் போனை நீட்டினார். பார்லர் நம்பரைத் தேடிப் பிடித்து அழுத்தினான்.

"ஹலோ, சொல்லுங்க மேடம்" என்றது அவள் குரல்.

"நான்தான் பேசறேன்..."

வைத்துவிட்டாள். மறுபடி அடித்தபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது. அம்மாள் குச்சியையும் பென்சிலையும் அவன் கையில் திணித்தார். "கிளம்புங்க. நான் விடாம அடிச்சுட்டே இருக்கேன். யாரும் விசையைத் தொடக்கூடாது, வாயை யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது."

டாக்சி பிடித்தான். பாலத்தில் ஏறியதும் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் ஒரு தண்ணீர் லாரி குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. மேலாளர் நாலாவது முறை அழைத்தார். போனை அணைத்தான். 'ஆறு வருஷம் வெடிக்காதது இன்னிக்கா வெடிக்கப்போகுது' என்று ஒரு மனசு சொன்னது. 'வெடிக்கிற அன்னிக்கு வரைக்கும் எல்லாமே வெடிக்காததுதான்' என்று இன்னொரு மனசு சொன்னது. அறுந்துபோகிற கம்பிகளையே பார்த்து வயிறு வளர்ப்பவன். இரண்டாவது மனசைத்தான் நம்பினான். கதவைத் திறந்து இறங்கி, பாலத்தின் மேலேயே ஓடத் தொடங்கினான். ஸ்பேனர்ப் பை தொடையில் இடித்துக்கொண்டே வந்தது.

பார்லர் கண்ணாடிக் கதவைத் தள்ளியபோது அவனுக்குப் பேச மூச்சில்லை. தங்கை ஒரு கல்லூரிப் பெண்ணின் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க அலுமினியத் தாள் சுற்றிய இன்னொரு பெண் பக்கத்து நாற்காலியில் சாய்ந்து, துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு போனைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"அதைக் கீழ வைம்மா" என்றான்.

"இங்க என்ன வேலை உனக்கு?" என்றாள் தங்கை.

"முதல்ல அதைக் கீழ வைக்கச் சொல்லு. உள்ள குண்டு இருக்கு."

தங்கை கையுறையைக் கழற்றவில்லை. அவன் கையில் இருந்த குச்சியைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். "ஏலக்கூடம்னு பேர் காட்டி போன் மேல போன் வந்துச்சு, நான் எடுக்கல. இப்பப் புரியுது. ஜோடியா வித்தா விலை ஜாஸ்தி, அதானே? அதுக்குக் குண்டு, வெடின்னு ஒரு கதை."

"எனக்கு அது வேணாம். வித்துக்கோ, ஆத்துல போடு. நீயே அளந்து பாரு. என்னை நம்பாத, குச்சியை நம்பு."

அலுமினியத் தாள் பெண், மடியில் பாம்பு கிடப்பதுபோல இரு கைகளையும் மேலே தூக்கியிருந்தாள். தங்கைதான் போய் அதை எடுத்தாள். வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி மேசையில் வைக்கச் சொன்னான், முறைத்துக்கொண்டே வைத்தாள். குச்சியை உள்ளே விட்டாள். அவன் நீட்டிய பென்சிலை வாங்காமல், தன் கண்மைப் பென்சிலால் கோடு போட்டாள். வெளியே எடுத்து மேலே வைத்துப் பார்த்தாள்.

இரண்டு விரற்கடை குறைந்தது.

"தப்பா விட்டிருப்பேன்" என்று மறுபடி விட்டாள். அதே கோடு. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "போன வாரம் என் பொண்ணு பிறந்த நாளைக்கு, அவளைக் குறி பார்த்து நான்தான் சொடுக்கினேன். பொறி வரணும்னு நாலு தடவை" என்றாள்.

அவனும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். தோளில் கை வைக்கலாமா என்று தெரியவில்லை. வைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, ஏலக்கூடத்தின் பின்முற்றத்தில் வெடிபொருள் தெரிந்த ஒருவர் இரண்டு குழல்களையும் காலி செய்தார். ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் ஈயக் குண்டு, கந்தல் துணி, கறுப்புத் தூள். தூளில் ஒரு சிட்டிகையைத் தகரத் தட்டில் வைத்துப் பற்றவைத்தார். 'புஸ்' என்று முழ உயரத்துக்குச் சுடர் எழுந்தது. இருவரும் ஒன்றாகப் பின்வாங்கினார்கள்.

"அப்ப ஏன் வெடிக்கல?" என்று தங்கை கேட்டாள்.

அம்மாள் லென்ஸை மாட்டிக்கொண்டு ஒன்றாம் நம்பரை நெடுநேரம் ஆராய்ந்தார். "துளையை ஏதோ மூடியிருக்கு. வழவழன்னு, கண்ணாடி மாதிரி. இது என்னன்னு என் சர்வீஸ்ல பார்த்ததில்ல."

தங்கை தொண்டையைச் செருமினாள். "அது... நெயில் பாலிஷ். துரு துணியில ஒட்டுதேன்னு முழுசா மூணு கோட் அடிச்சேன்."

அம்மாள் லென்ஸைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பழைய இரும்புகளோடு முப்பது வருஷம் இருந்த மனுஷி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "உங்க பாலிஷால விலையில பாதி போச்சும்மா. ஆனா சத்தியமாச் சொல்றேன், இதைவிட நல்ல ரிப்பேர் நான் பார்த்ததில்ல."

விற்கலாம் என்று இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அதில் பேச்சே எழவில்லை. இரண்டில் ஒன்றைக்கூடத் திரும்பத் தூக்கிக்கொண்டு போக இருவருக்கும் துணிவில்லை.

பஸ் நிறுத்தத்தில் தங்கை நிழலில் நின்றாள். அவன் வெயிலில் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தான். பாலத்தில் ஓடியதிலிருந்து அவன் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை.

"நான் அன்னிக்குச் சொன்னது தப்பு" என்றான்.

"எது?"

"அதான்..."

"அதான்னா எது? வாயைத் திறந்து சொல்லு."

அவன் நடப்பதை நிறுத்தினான். "நீ மூணு வருஷம் அப்பாவைப் பார்த்துக்கிட்டது வீட்டுக்காக இல்ல. அது எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்."

அவள் முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பஸ் வந்தது, கதவு திறந்தது. இருவரும் நகராததைப் பார்த்துவிட்டு டிரைவர் ஹாரன் அடித்தார், கதவை மூடினார், போய்விட்டார்.

"தெரிஞ்சே சொன்னியா" என்றாள், திரும்பாமலே.

"ஆமா."

"சரி. அடுத்த பஸ் வர இருபது நிமிஷம் ஆகும்" என்றாள். "ஏன் சொன்னேன்னு சொல்லு. முழுசாச் சொல்லு."