டபுள் பாஸ் பல்லடத்தில் தங்கியது

2023 அக்டோபர் 14, சனிக்கிழமை, மாலை ஏழு மணி பத்து நிமிடத்துக்குப் பல்லடத்தை அடுத்த ஒரு கோழிப்பண்ணை வீட்டில், சுழன்றுகொண்டிருந்த ஜாஸ் இசைத்தட்டிலிருந்து டபுள் பாஸ் இறங்கிப் போனது. பியானோ, டிரம்பெட், டிரம்ஸ் மூன்றும் நிற்காமல் வாசித்து முடித்தன. அன்று மழை இல்லை.

வீட்டுக்காரர் குமாரசாமி ‘ஊசிமுனை’ என்ற வாட்ஸ்அப் குழுவைச் சேர்ந்தவர். குழுவில் நான்கே பேர். மாலை ஏழு மணிக்கு வீட்டில் எந்தத் தட்டு ஓடுகிறதோ அதன் அட்டையைப் படமெடுத்துப் போட வேண்டும். ஓடாத தட்டைப் போடக் கூடாது என்பதுதான் விதி. மற்ற மூவரில் ரூத் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். சஹீர் உக்கடத்தில் பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் விற்பவர். கிருபாசங்கர் சிங்காநல்லூரில் நாற்பது வருடம் பம்ப்செட் பட்டறை நடத்தியவர். மேற்படி தட்டு நால்வரிடமும் இருந்தது. 1958-இல் குன்னூரில் ஒரு கிளப்புக்குப் பம்பாயிலிருந்து வந்த குழு வாசித்ததைப் பதிவு செய்து, உறுப்பினர்களுக்காக ஒரு சில தட்டுகள் மட்டும் போட்டிருந்தார்கள். மிஞ்சிய நான்கைச் சஹீர் ஒரே பெட்டியில் கண்டெடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். அட்டையில் மூன்று பேருடைய பெயர் உண்டு. டபுள் பாஸ், அதாவது ஆள் உயரத் தந்திக் கருவியை விரலால் மீட்டுகிறவரின் பெயர் மட்டும் இல்லை.

பாஸ் சீராக அடியெடுத்து வைப்பதுபோல் வாசிப்பதை இந்த இசைக்காரர்கள் நடை என்றே சொல்வார்கள். அந்தத் தட்டின் முதல் பக்கம் பாஸின் எட்டுத் தனி அடிகளோடு தொடங்குகிறது. தட்டு ஓடும் அறையின் கதவு எப்போதும் சாத்தியிருக்கும். அன்று ஏசி பழுது என்பதால் திறந்திருந்தது. சமையலறையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி மயிலாத்தாள் அந்த எட்டு அடிகளைக் கேட்டு, யாரோ வாசலில் நடந்து வருவதாக நினைத்து, திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார்: “வாங்க, வாங்க. உள்ள வாங்க. சாப்பிட்டுப்போட்டுத்தான் போகோணும்.” அந்த ஊர்ப் பக்கம் வீட்டு வாசலில் காலடி கேட்டால் எல்லாரும் சொல்வதுதான். வந்தது யாரென்று அவர் பார்க்கவில்லை. வந்தவர் உள்ளே வந்துவிட்டார்.

மயிலாத்தாளுக்கு அப்போது வயது அறுபத்தொன்று. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு நாற்பதுக்குக் கீழே இறங்கி, பேஸ்மேக்கர் வைக்கத் தீபாவளிக்குப் பிறகு நாள் குறித்திருந்தார்கள். அன்றைய சாப்பாட்டுக்குப் பின் அவர் மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறினார். மறுவாரம் கோயம்புத்தூர் டாக்டர் இசிஜி எடுத்துவிட்டு, இப்போதைக்கு எதுவும் வைக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். துடிப்பு அறுபத்தாறு, சிறிது நேரம் கழித்துத் தொண்ணூறு, மறுபடி ஐம்பத்தெட்டு. நடுவில் இரண்டு முறை, மூன்று மூன்று விநாடிக்குக் கோடு நேராக ஓடியது. டாக்டருக்கு அது விளங்கவில்லை. வரும் வழியில் காரில் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்த குமாரசாமிக்கு விளங்கியது. முதல் பாட்டு, இடைவெளி, இரண்டாவது பாட்டு, இடைவெளி, மூன்றாவது பாட்டு. பத்தொன்பது நிமிடம் இருபது விநாடி ஆனதும் முதலிலிருந்து எட்டு அடி.

ரூத் வந்து ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். தந்தியின் ஒலி மட்டுமே இருந்தது; பழைய இதயம் வேலையை விருந்தாளியிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்ந்திருந்தது. பிறகு குமாரசாமி சுவரிலிருந்த தினசரி நாள்காட்டியைக் கொண்டுவந்தார். மனைவிக்குத் தலை சுற்றிய நேரங்களை அதில் குறித்திருந்தார். குழுவில் வந்த படங்களோடு ஒப்பிட்டார்கள். நால்வரில் யார் அந்தத் தட்டை ஓட்டினாலும், அங்கே மூன்று கருவிகள் மட்டும் கேட்டன. இங்கே மயிலாத்தாளுக்குக் கண் இருட்டியது. தட்டு பாஸை இழுத்தது. விடைபெறாத விருந்தாளி கிளம்ப முடியாமல் தடுமாறினார். ரூத் தன் தட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். சஹீர் தன்னுடையதைப் பேக்கிங் டேப்பால் நாலு சுற்றுச் சுற்றினார். கிருபாசங்கர் மட்டும் தினமும் ஏழு மணிக்கு அதே அட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார்.

அவரிடமும் காரணம் இருந்தது. பட்டறைச் சத்தம் அவருடைய காதை ஒவ்வொரு சுதியாகத் தின்றுவிட்டிருந்தது. டிரம்பெட் போய் ஆறு வருடம். பியானோ போய் மூன்று. பேச்சை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். கடைசியாக மிஞ்சியது பாஸ் ஒன்றுதான். அதிலும் இந்தத் தட்டின் பாஸ் மட்டுமே தெளிவாகக் கேட்டது. இப்போது ஊசியை வைத்தால் அவருக்குக் கேட்டது ஒன்றுமில்லை. ஒருநாள் திரும்பிவிடும் என்று தினமும் வைத்தார். வீட்டுக்குப் போய்ச் சொன்ன சஹீரிடம், “ஒரு தட்டுக்கும் ஒரு ஈரலுக்கும் என்ன சம்பந்தமுங்க?” என்று கேட்டார். “ஈரல் இல்லீங்ணா, இதயம்,” என்று சஹீர் உதட்டைப் பிரித்துப் பிரித்துச் சொன்னார். நவம்பர் 9 அன்று மயிலாத்தாள் கிரைண்டர் பக்கத்தில் விழுந்து நான்கு நிமிடம் நாடியில்லாமல் கிடந்தார். அதன்பின் கிருபாசங்கர் ஒரு வாரம் எதுவும் ஓட்டவில்லை. பிறகு குழுவில் ஒரு வரி எழுதினார்: ‘ஞாயிறு அஞ்சு மணிக்குத் தட்டோட வாரேன்.’

நவம்பர் 19 அன்று வந்தார். ரூத்தும் சஹீரும் முன்பே வந்திருந்தார்கள். குமாரசாமி வாசலில் குறுக்கே நின்று, தட்டைக் கொடுத்துவிட்டு உள்ளே வரச் சொன்னார். கிருபாசங்கர் தட்டை மார்போடு பிடித்துக்கொண்டார். “பேஸ்மேக்கர் வெச்சுக்கலாமுங்களே அம்மணி. என்ற காதுக்கு வெக்கறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க.”

“உள்ள வாங்க முதல்ல,” என்றார் மயிலாத்தாள். எல்லாருக்கும் காப்பி கொண்டுவந்தார். ட்ரேயில் ஒரு டம்ளர் அதிகமாக இருந்தது. “வந்தவங்களைத் தள்ளிப்போட்டு மெசினை வெக்கறதுங்களா? வெளிய போங்கன்னு நான் யாரையும் சொன்னதில்லீங்க. ஆனா போயிட்டு வாங்கன்னு சொல்லலாம். அது மரியாதைதானுங்களே.”

குமாரசாமி கூடாது என்றார். போன விருந்தாளி சொல்லை மதித்துத் திரும்பி வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். “நம்ம ஊட்டுல ஒரு மாசம் சாப்பிட்டிருக்காருங்க,” என்றார் மயிலாத்தாள். கட்டிலில் படுத்து, உள்ளங்கையை மார்பில் வைத்துக்கொண்டார். “ஏனுங்க, உங்களைத் தேடி ஆள் வந்திருக்குது. போயி வாசிச்சுப்போட்டு வாங்க. காப்பியை மூடி வெக்கறனுங்க.”

ரூத் அவருடைய விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினார். துடிப்பு அறுபத்தாறு. கிருபாசங்கர் ஊசியை இறக்கினார். எட்டு அடிகள் ஒலிபெருக்கியிலிருந்து வந்தன. ஆக்சிமீட்டரில் எண் போய் இரண்டு சிறு கோடுகள் நின்றன. கிருபாசங்கர் ஒலிபெருக்கியின் மரப்பெட்டியில் இரண்டு கைகளையும் வைத்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது பாட்டில் மயிலாத்தாளின் உதடு வெளுத்தது. குமாரசாமி ஊசியைத் தூக்கப் போனார். ரூத் அவருடைய கையைப் பிடித்தார்: “பாதியில எடுத்தா அவர் எங்கிங்க நிப்பாரு?” குமாரசாமி கையை இழுத்துக்கொண்டார். மூன்றாவது பாட்டில் இன்னொரு முறை எழுந்தார். சஹீர் அவரைத் தோளில் கைபோட்டு உட்கார வைத்தார்.

பாட்டு முடிந்தது. ஊசி கடைசி வளையத்தில் டிக், டிக் என்று சுற்றியது. ரூத் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். பத்து விநாடி. இருபது. நாற்பது. கோடுகள் அப்படியே இருந்தன. ஐம்பதாவது விநாடியில், வாசலில் கட்டியிருந்த நாய் எழுந்து வாலாட்டிவிட்டுப் படுத்தது. சமையலறைப் பக்கமாக எட்டு அடிகள் கேட்டன. மயிலாத்தாள் கண் திறக்காமல், “வாங்க,” என்றார். ஆக்சிமீட்டர் அறுபத்தாறு காட்டியது.

கிருபாசங்கர்தான் முதலில் பேசினார்: “ரண்டாவது பாட்டுல ஒரு எடத்துல தடுமாறிப்போட்டாருங்க.”

“ஒரு மாசமா சும்மா உக்கார வெச்சுச் சோறு போட்டா அப்படித்தானுங்ணா,” என்றார் சஹீர்.

இப்போது மாதத்தில் முதல் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் கிருபாசங்கர் சிங்காநல்லூரிலிருந்து பஸ்ஸில் பல்லடம் வந்து சேர்கிறார். மயிலாத்தாள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு இருபது நிமிடம் படுத்துக்கொள்கிறார். ரூத் முடிந்தால் வருகிறார். அந்த நாட்களில் மட்டும் அட்டைப் படத்தை ஐந்து மணிக்கே போடலாம் என்று குழுவின் விதி திருத்தப்பட்டுள்ளது. டாக்டர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார். இரண்டாம் பக்கம் போடுவதில்லை. அதற்குள் கோழிகளுக்குத் தீவனம் வைக்கும் நேரம் வந்துவிடுகிறது.