கழுத்தில் வந்த தேமல்

என் மாமியாரோடு நான் போட்ட முதல் சண்டை, அவர் எனக்கு மாமியாராவதற்கு முன்பே நடந்துவிட்டது. காரணம் என் கழுத்து.

கலியாணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. மாப்பிள்ளையின் உம்மா றம்லத் மாமி, கலியாண பிளவுஸ் அளவாக இருக்கிறதா என்று பார்க்கக் கட்டுகஸ்தோட்டையிலிருந்து கெலிஓயாவுக்கு எங்கள் வீடு தேடி வந்திருந்தார். வீட்டில் ஆண்கள் இல்லை. நான் ஸ்காஃபைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன் நின்றேன். சாச்சியின் மகள் ஷஹ்மா பின்னால் நின்று கொக்கி பூட்டிக்கொண்டிருந்தாள்.

ஷஹ்மாவுக்கு இரண்டு கைகளிலும் வெண்புள்ளி. பத்தாம் வகுப்புப் படிக்கும்போது விரல் நுனியில் தொடங்கியது, இப்போது மணிக்கட்டுவரை பரவியிருக்கிறது. மெஹந்தி போடுவதில் எங்கள் ஊரில் அவளை மிஞ்ச ஆளில்லை. சொந்தக்காரி என்பதற்காகச் சொல்லவில்லை, பெருநாளுக்கு முதல் நாள் அவள் வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். என் கலியாணத்துக்கு அவள்தான் மெஹந்தி போடுவாள் என்பது பள்ளிக்கூட நாளிலேயே முடிவான விசயம்.

"என்னத்தியன் மகள் இது? கழுத்தெல்லாம் வெள்ள வெள்ளயா ஈக்கிது?" என்றார் மாமி.

கண்ணாடிக்குள் அவருடைய கண்கள் என் கழுத்தைப் பார்த்தன. பிறகு ஷஹ்மாவின் விரல்களைப் பார்த்தன. தீர்ப்பு அங்கேயே எழுதியாகிவிட்டது.

குசினி அடுப்பருகே உம்மாவிடம் அவர் மெதுவாகத்தான் பேசினார். ஆனால் எங்கள் வீட்டுச் சுவர் பலகைச் சுவர். "ஜெஸீமா, மனசு நோகப்படாது. அந்தப் புள்ளட வருத்தம் ஒங்கட மகளுக்கும் ஒட்டீக்கிது. டொக்டர்ட காட்டிட்டு எனக்கு ஒரு முடிவு செல்லுங்க. மெஹந்திக்கு நான் கண்டியிலீந்து ஆள் கூட்டி வார. அவ கை வைக்க வாணாம்."

கலியாணம் நின்றுவிடுமோ என்ற பயத்தில் உம்மா எல்லாவற்றுக்கும் "சரி தாத்தா, சரி தாத்தா" என்று மாமியை அக்கா முறை சொல்லித் தலையாட்டினார்.

ஷஹ்மா சிரித்தாள். மனம் நொந்தால் சிரிக்கிற பழக்கம் அவளுக்கு. "நான் போற ஷிபானா. இன்னம் ரெண்டு கொக்கி ஈக்கிது, உம்மாட்ட செல்லு" என்று பின்கதவால் போய்விட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கையைத் தள்ளிவைத்துவிட்டு எனக்கு என்ன கலியாணம்?

மாமி போனதும் உம்மா எண்ணெய்ப் போத்தலோடு வந்தார். மணப்பெண்ணுக்கு மினுக்கம் வர வேண்டுமென்று, கலியாணம் பேசிய நாளிலிருந்து தேங்காயெண்ணெயில் மஞ்சள் குழைத்து என் கழுத்திலும் முதுகிலும் பூசிவருகிறார். அதன் மேல் ஸ்காஃபையும் ஹபாயாவையும் போட்டுக்கொண்டு நாள் முழுக்க வியர்ப்பேன்.

"கொஞ்சம் கூடப் பூசினா மாறீரும் மகள்."

"வாணாம் உம்மா!" என்று கத்திவிட்டு மாப்பிள்ளை அகீலுக்குப் போன் எடுத்தேன்.

"ஒங்கட உம்மாவக் கூட்டிட்டு நாளைக்கு கண்டிக்கு வாங்க. ஸ்கின் டொக்டர்ட போவோம். எனக்கு என்ன வருத்தமெண்டு அவங்க காதாலயே கேக்கட்டும்."

"நானும் உள்ளுக்கு வரணுமா?" குரல் ஒரு மாதிரி இருந்தது.

"வெளிய நிண்டு என்ன செய்யப் போறீங்க?"

மறுநாள் உம்மாவோடு ஷஹ்மாவையும் இழுத்துக்கொண்டு போனேன். மாமியும் அகீலும் வந்திருந்தார்கள். டொக்டர் அனுஷியா யாழ்ப்பாணத்துக்காரர். அகீலைத் திரைக்கு அந்தப் பக்கம் நிற்கவைத்துவிட்டு என் கழுத்தில் லைட் அடித்துப் பார்த்தார். கொஞ்சம் சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பிலும் பார்த்தார்.

"இது தேமல். ஒருவகைப் பங்கசு, பூஞ்சணம். எண்ணெய் பூசுறனீங்களோ?"

நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா சீலிங் ஃபேனைப் பார்த்தார்.

"எல்லாற்ற தோலிலயும் இருக்கிற பங்கசுதான். எண்ணெயும் வேர்வையும் குடுத்து நீங்கள் வளத்திருக்கிறியள். ஆரும் உங்களுக்குத் தந்ததில்லை."

"அப்ப இந்தப் புள்ளட கையிலீந்து..." என்று மாமி இழுத்தார்.

"அது வெண்புள்ளி. வேற விசயம். ஒரு நாளும் ஆருக்கும் தொத்தாது."

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "டொக்டர்... எனக்கும் ஈக்கிது."

மாமி கதிரையிலிருந்து எழுந்துவிட்டார். "அடேய்! நீ ஷஹ்மாவ எங்க கண்ட?"

"இண்டைக்குத்தான் உம்மா காணுற! இது ஜிம்முக்குப் போன காலத்திலீந்தே ஈக்கிது."

டொக்டர் திரைக்குள் போய்ப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார். "முதுகு முழுக்கத் தேமல்தான். ரெண்டு பேருக்கும் ஒரே மருந்து. பங்கசு கெதியாப் போயிடும், நிறம் திரும்ப ரெண்டு மூண்டு மாசமெண்டாலும் எடுக்கும்."

"அப்ப கலியாணத்துக்கு?" என்று பதறினார் உம்மா.

"பொண்ணும் மாப்பிள்ளையும் நல்ல பொருத்தமா இருப்பினம்."

நான் வெட்கமில்லாமல் சிரித்தேன். திரைக்குப் பின்னாலும் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆனால் வெளியே வந்ததும் ஷஹ்மா மாமியின் முன்னால் போய் நின்றாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு கோவமில்ல மாமி. ஆனா மெஹந்திக்கு நான் வரல்ல. நீங்க கண்டியிலீந்தே ஆள் கூட்டி வாங்க."

நான் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். கழுத்து தப்பிவிட்டது, ஷஹ்மா போய்விட்டாள்.

மெஹந்தி நாளன்று கண்டியிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. மாமியும் வரவில்லை. பகல் சோறு போடுகிற நேரத்தில்தான் வாசலில் ஓட்டோ நின்றது. மாமி இறங்கினார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பிடித்திருந்தார். உள்ளங்கையிலிருந்து முழங்கைவரை மெஹந்தி, ஈரம் காயவில்லை. பின்னால் கோன் பெட்டியோடு ஷஹ்மா.

"விடியக்காலயே எங்கட ஊட்டுக்கு வந்துட்டாங்க" என்றாள் என் காதில். "கைய நீட்டிட்டு குந்தினவங்க எழும்பவே இல்ல. 'நீ போடாட்டி நான் வெறுங்கையோட கலியாணத்துல நிக்கிற'ண்டு செல்லிட்டாங்க. நான் என்ன செய்யிற?"

எல்லோரையும் சாப்பிட உட்கார வைத்தோம். மாமியின் கைகள் அந்தரத்திலேயே நின்றன. பசியில் முகம் வாடியிருந்தது.

"மாமி, கரண்டியால தரட்டா?" என்று கேட்டாள் ஷஹ்மா.

"கரண்டியால திண்டா பசி போகுமா? ஒன்ட கையால தா."

ஷஹ்மா சோற்றைப் பிசைந்து எடுத்தாள். வெள்ளை விரல்கள் மாமியின் வாயருகே போய்த் தயங்கின. மாமி காத்திருக்கவில்லை, தலையை நீட்டி வாங்கிக்கொண்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

மாமி மென்று விழுங்கிவிட்டு மறுபடி வாயைத் திறந்தார். "என்ன புள்ள, வெறும் சோறா தார? இறைச்சியும் சேத்து வை."