காட்சிக்கு நின்ற வண்டி

"இன்னும் ஒரு படிதான் மாமா. காலைத் தூக்குங்க."

மருமகள் கீழிருந்து தாங்க, கம்பெனி மெக்கானிக் மேலிருந்து இழுக்க, மாமனார் ஒருவழியாக ஓட்டுநர் இருக்கையில் போய் விழுந்தார். அவள் சுற்றிவந்து மறுபக்கம் ஏறிக்கொண்டாள்.

கம்பெனியின் ஆண்டு விழா. கிடங்கு முற்றத்தில் பழைய பெட்ரோல் டேங்கர் லாரிகளைக் கழுவி, வர்ணம் பூசி நிறுத்தியிருந்தார்கள். மூக்கு நீண்ட இந்தச் சிவப்பு வண்டியைப் பெரியவர் ஓய்வு பெறும்வரை ஓட்டினார்.

"அப்பாவ வெளிய கூட்டிட்டுப் போகாத. ஏதாவது ஆச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுத்தான் கணவன் வேலைக்குப் போயிருந்தான். அவளும் தலையாட்டினாள். ஆனால் பெரியவர் தானாகவே சட்டையை மாட்டி, தலையை வாரிக்கொண்டு கட்டிலில் காத்திருந்தார். குழந்தையென்றால் அழுது அடம்பிடிக்கும். இவர் வாயே திறக்கவில்லை. மருந்து வாடை வீசும் அந்த அறையை விட்டு எங்காவது போனால் போதும் என்று அவளுக்கும் இருந்தது.

"டேங்க்ல ஒரு சொட்டுகூட இல்லயா?" என்று மெக்கானிக்கிடம் கேட்டார் பெரியவர்.

"காஞ்சு கெடக்கு அண்ணே."

"அப்ப ஒரு சிகரெட் குடு. இதுல உக்காந்து ஒண்ணு பிடிக்கணும்னு ஆயுசு பூரா ஆச."

வண்டியைப் பார்க்க வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "ஊதுறதுக்கு மூச்சு வேணுமே மாமா" என்றாள் அவள். அவரும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, மெல்ல அடங்கியது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரவெல்லாம் விழித்த அவள் கண்கள் சொருகின. திறந்தபோது அவர் அப்படியேதான் இருந்தார். கைகள் மட்டும் மடியில் விழுந்திருந்தன. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். வைத்தபடியே இருந்தாள்.

இனி "தண்ணி" என்று யாரும் எழுப்பமாட்டார்கள். அந்த நினைப்புதான் முதலில் வந்தது. அவளுக்கே வெட்கமாகப் போயிற்று.

"அம்மா, அடுத்தவங்க ஏறணும்" என்றான் மெக்கானிக்.

"கொஞ்சம் பொறுங்க."

கணவனுக்குப் போன் போட்டாள்.

"கெடங்குல இருக்கோம். மாமாவோட வண்டியில."

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! மொதல்ல அவர எறக்கு."

"தனியா எறக்க முடியாதுங்க. நீங்க வாங்க."

மறுமுனையில் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

"அவசரமா வரணுமா?" என்று கேட்டான். குரல் இறங்கியிருந்தது.

"இல்ல. பாத்து, நிதானமா வாங்க."

கீழே நின்ற மெக்கானிக் அவள் முகத்தைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வரிசையை அடுத்த வண்டிக்குத் திருப்பிவிட்டான். அங்கே ஏறிய யாரோ விடாமல் ஹாரனை அடித்தார்கள்.

அவள் எட்டி, அவர் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றும் பிடியைச் சுற்றினாள். கண்ணாடி பாதிவரை வந்து நின்றுகொண்டது.